மாதங்கியின் கைப்பையில் ரேடியோவின் முகம்

இதை எனக்கு முதலில் சொன்னவள் மாதங்கிதான். போன மார்கழியில் ஒரு நாள், கோயிலில் விடியற்காலைப் பூஜை முடிந்து, சுடச்சுடப் பொங்கலோடு நாங்கள் படியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். சொல்லும்போதே சிரிப்புத் தாங்காமல் அவளுக்குப் புரையேறிவிட்டது. பாக்கியை அவள் அகத்துக்காரர் வெங்கடநாராயணனே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டார். கடைசியில் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன். ஆகையால் இதில் நான் கூட்டினது கொஞ்சம்தான். பகவான் மன்னிப்பார்.

வெங்கடநாராயணன் கிடர்பூர் துறைமுக ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அங்கே அவருக்குத் தனி அறை, தனி ஃபேன், கதவில் பெயர்ப்பலகை. லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டில் அவருக்கென்று மிஞ்சியது கூடத்தில் ஒரு நாற்காலி. அதுவும் சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும்தான். ஐந்து அடித்தால் கூடத்தில் சகஸ்ரநாம கோஷ்டி கூடிவிடும். மாதங்கி, பாகீரதி, விஜயா, நான். சகஸ்ரநாமம் முக்கால் மணி. அதன் பிறகு மருமகள்களின் நாமாவளி ஒன்றரை மணி. பாவம், மனுஷர் படுக்கையறைக்குப் போனால் கதவைத் தாண்டிக் கேட்கும். பால்கனிக்குப் போனால் ஈரப்புடவை முகத்தில் அடிக்கும். வெளியே நடக்கலாம் என்றால் முழங்கால் ஒத்துழைக்காது.

ஒரு நாள் சந்தியாவந்தனம் முடித்த கையோடு அவர் சங்கல்பம் செய்துகொண்டார். இனிமேல் தினமும் ஒரு மணி நேரம் தனியாக இருப்பது. பெண் குரல் என்பதே காதில் விழாமல் இருப்பது.

எங்கே? கீழே நிற்கிறதே வெள்ளைக் கார், அதற்குள்ளே.

ஆனால் நிற்கிற காரில் ஒருத்தர் சும்மா உட்கார்ந்திருந்தால் ஊர் என்ன சொல்லும்? வங்காளி வாட்ச்மேனே மேலே வந்து, "பௌதி, தாதா கோபமா கீழே உட்கார்ந்திருக்கார்" என்று அண்ணி, அண்ணா முறை வைத்து மாதங்கியிடம் சொல்லிவிடுவான். அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணமும் அவரிடம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கின ஹாம் ரேடியோக்காரர் அவர். ஒருத்தருக்கொருத்தர் கம்பியில்லாமல் பேசிக்கொள்கிற பொழுதுபோக்கு அது. வீட்டில் இருந்த, கையில் பிடித்துப் பேசுகிற சின்ன ரேடியோ பக்கத்து டாலிகஞ்சைத் தாண்டினால் கரகரக்கும். காரில் பாட்டரியோடு இணைக்கிற மாதிரி ஒரு நல்ல ரேடியோப் பெட்டி வாங்கிவிட்டால்?

"மாதங்கி, அடுத்த புயல்ல டெலிபோன் எல்லாம் செத்துப்போயிடும். அப்போ ஊரைக் காப்பாத்தப் போறது எங்களை மாதிரி ரேடியோக்காராதான். தினம் ஒரு மணி நேரம் பயிற்சி வேணும்."

"ஊரையா? நீங்களா? போன புயல்ல ஜன்னல் கதவைச் சாத்தினதே நான்தானே."

"அதான் சொல்றேன், பயிற்சி இல்லை."

அன்றிலிருந்து இரண்டு மாசம் பெட்டி தேடும் படலம். நோட்டுப் புத்தகம் போட்டார். எத்தனை வாட், எத்தனை சூடு, ஃபேன் எவ்வளவு இரையும், வெயிலில் டிஸ்ப்ளே தெரியுமா, மைக்கின் சுருள் கம்பி எவ்வளவு நீளும். என் பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட நாங்கள் இவ்வளவு அலசவில்லை. கடைசியில் அவர் மனசு ஒரு பெட்டியில் போய் நின்றது. வெற்றிலைப் பெட்டி அளவுதான். டூயல் பேண்ட். அதாவது இரண்டு வகை அலையில் பேசலாம், ஒன்றில் கூட்டமாக இருந்தால் மற்றதற்குப் போய்விடலாம். வீட்டில் அப்படி ஒரு ஏற்பாடு இல்லாததுதான் அவருடைய தீராத குறை.

ஆனால் நேரே போய், "இதுதான் வேணும்" என்று சொல்ல முடியுமா? மாதங்கியின் சட்டம் அவருக்குத் தெரியாதா? கத்தரிக்காயோ காஞ்சிபுரமோ, முதலில் காட்டினதை அவள் வாங்கமாட்டாள், இரண்டாவதை மூக்கைச் சுளித்துத் தள்ளுவாள், மூன்றாவதைத்தான் கையில் எடுப்பாள். டாலிகஞ்சில் பாட்டரிக் கடை வைத்திருக்கிற கிரீஷும் ரேடியோக்காரன். நாற்பத்தைந்து வயசு, ஆனாலும் எங்களுக்கு அவன் குழந்தைதான். அவனோடு கூடிப் பேசித் திட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டிகள் வரும். ஆனை முதலில். அசடு இரண்டாவது. ஆசைப்பட்டது கடைசியில்.

ஞாயிறு காலை, காரின் முன்சீட்டில் மாதங்கி மகாராணி மாதிரி உட்கார்ந்தாள். கிரீஷ் முதல் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

"மாமி, இது அம்பது வாட். சாகர் தீவு வரைக்கும் கேக்கும்."

"இவர் குரல் சமையலறை வரைக்கும்தான் கேக்கும். அதுவும் காப்பி வேணும்னா மட்டும். அது சரி, இதை இங்கே வெச்சா என் காலை எங்கே வெச்சுக்கறது, டிக்கியிலயா?"

வெங்கடநாராயணனுக்கு உள்ளுக்குள் தேன் பாய்ந்தது. முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொண்டார். "உனக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

இரண்டாவது பெட்டியைப் போட்டதும் அதன் ஃபேன் உறுமியது.

"என்னடா இது, உளுந்து அரைக்கறது?"

"சூடு தணியணுமே மாமி."

"புயலே கத்திண்டு வரும். அதுக்குப் பக்கவாத்தியம் வேறயா? எடு, எடு."

மூன்றாவதை கிரீஷ் மெதுவாக எடுத்தான். வெங்கடநாராயணன் பெருமூச்சு விட்டார். அதை இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் பழகியிருந்தாராம்.

"இது சின்னது. உனக்குப் பிடிக்காது, மாதங்கி."

"ஏன் பிடிக்காது? லட்சணமா இருக்கே!"

திட்டம் பலித்துவிட்டது. அங்கேயே அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஜெயித்த புருஷன் பேசக்கூடாது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் பேசினார்.

"அழகு மட்டுமா? இதோட சாமர்த்தியத்தைப் பாரு!" என்று பெட்டியின் முன்பக்கத்தை டக்கென்று கழற்றினார். பொத்தான், திருகு, டிஸ்ப்ளே எல்லாம் ஒரு பிஸ்கட் பாக்கெட் அளவில் கையோடு வந்துவிட்டது. "உடம்பு சீட்டுக்கு அடியிலே. முகம் மட்டும் மேலே. வண்டியை விட்டு இறங்கினா முகத்தைக் கழட்டிப் பையில போட்டுண்டு போயிடலாம். திருடன் வந்தா அவனுக்கு வெறும் தகரம்தான். இந்த முகம் இல்லாம பிரம்மாவே வந்தாலும் இதைப் பேச வைக்க முடியாது!"

"பிரம்மாவாலயுமா?"

"முடியவே முடியாது!"

"நிஜமாடா கிரீஷ்?"

"நிஜம்தான் மாமி. எல்லா பட்டனும் அதுலதானே இருக்கு."

மாதங்கி அந்த முகத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்படியே பின்சீட்டையும் ஒரு தடவை பார்த்தாள். அங்கே ஒரு தலைகாணி, ஒரு கட்டு வாரப்பத்திரிகை, பிளாஸ்க், ஒரு டப்பா தட்டை. ஊரைக் காப்பாற்றத் தலைகாணி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "இதையே வாங்கிக்கோங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, கார்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவள் கதவை மெதுவாகச் சாத்தினால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது முப்பத்தெட்டு வருஷத்தில் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமோ?

புதன்கிழமை கிரீஷ் வந்து பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனான். வியாழக்கிழமை ஐந்து மணி. "புயல் பயிற்சி!" என்று அறிவித்துவிட்டு வெங்கடநாராயணன் சாவியைச் சுழற்றிக்கொண்டு கீழே போனார். போன வேகத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"மாதங்கி! திருட்டு! முகத்தைக் காணோம்!"

கூடத்தில் நாங்கள் நாலு பேரும் தலை வாரிப் பூ வைத்து, கையில் அர்ச்சனைக் கூடையோடு நின்றிருந்தோம்.

"திருட்டெல்லாம் ஒண்ணும் இல்லை. என் பையில பத்திரமா இருக்கு. காலம்பறவே கழட்டிண்டு வந்துட்டேன். நீங்கதானே சொன்னேள்?"

"சரி, கொடு."

"வழியில தரேன்."

"எந்த வழியில?"

"காளிகாட் போற வழியில. பாகீரதி மாமிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கு."

"நான் எங்கேயும் போகலை. கீழே நின்ன இடத்திலேர்ந்தேதான் பேசப்போறேன்."

"நின்ன இடத்திலேர்ந்து பேசறதுக்கு வண்டி எதுக்கு? கிரீஷை வரச்சொல்லிப் பெட்டியைக் கூடத்துல உங்க நாற்காலி பக்கத்துலயே வெச்சிடலாம். நாங்களும் கூட இருப்போம்."

அவர் முகம் வெளுத்தது.

"ஏன்னா, புயல் வந்தா வண்டியைக் கீழே நிறுத்தி வெச்சுண்டா ஜனங்களைக் காப்பாத்துவேள்? ஓட்டிப் பழக வேண்டாமோ?"

எத்தனையோ கப்பல் கேப்டன்களைக் கேள்வி கேட்டே திணற வைத்தவர் அவர். இப்போது சாவியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பின்சீட்டில் மூணு பேர் நெருக்கமா இருக்குமே" என்றார் ஈனஸ்வரத்தில்.

"தலைகாணியை எடுத்துட்டா தாராளமா இருக்கும்" என்றாள் மாதங்கி.

ராஷ்பிஹாரி சிக்னலில் வண்டி நின்றது. மாதங்கி கைப்பையைத் திறந்து முகத்தை எடுத்துப் பொருத்தினாள். விளக்கு எரிந்தது. அவர் ஆசையோடு மைக்கை எடுத்துக் கூப்பிட்டார். நாங்களோ சகஸ்ரநாமத்தில் பாதி தூரம் வந்துவிட்டோம், அம்பாளை நடுவில் நிறுத்த முடியுமா?

"மாமா, சிக்னல் பிரமாதம்!" என்றது கிரீஷின் குரல். "ஆனா உங்களைவிட விஜயா மாமி குரல்தான் கணீர்னு கேக்கறது. எத்தனையாவது நாமத்துல இருக்கா?"

இப்போது வியாழன் காளிகாட், சனிக்கிழமை தக்ஷிணேஸ்வரம். மற்ற நாட்களில் யாருக்காவது மார்க்கெட்டில் வேலை இருக்கும். புயல் இன்னும் வரவில்லை. பயிற்சி மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மாதங்கி மனசு பொல்லாததில்லை. நாங்கள் கோயிலுக்குள் போய்வருகிற அரைமணி நேரம் அந்த முகத்தை அவரிடமே கொடுத்துவிட்டுப் போகிறாள். ஒரு நாள் செருப்பை வண்டியில் விட நான் திரும்பி வந்தபோது பார்த்தேன். இரண்டு மாசம் தேடிப் பொறுக்கின அந்த ரேடியோவை அவர் போடவே இல்லை. முகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உள்ளே அம்பாள் சன்னிதியில்கூட நான் அவ்வளவு நிம்மதியான முகத்தைப் பார்த்ததில்லை. செருப்போடேயே திரும்பிப் போய்விட்டேன்.

நீங்களும் அந்தப் பக்கம் போவீர்கள். கோயில் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் ஒரு பழைய வெள்ளைக் கார் நின்றால், தயவுசெய்து கண்ணாடியைத் தட்டி, "என்ன மாமா, சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.