பட்டாணிக்கு அணு சொல்லிக்கொடுத்த அத்தைக்கு

அன்பும் அறிவும் நிறைந்த தங்கைக்கு, அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அண்ணி, பட்டாணி மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் உன் ஆராய்ச்சிக்கூடமும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, கொஞ்ச நாளைக்கு அங்கேயே இருக்க வேண்டும். காரணம் கீழே.

போன மாதம் லீவுக்கு வந்த நீ, நாலு வயது முடியாத என் மகள் பட்டாணியை மடியில் உட்காரவைத்து, கையில் ரெண்டு காந்தத்தைக் கொடுத்து, "பாரு, கிட்டக் கொண்டுபோனா தள்ளுதுல்ல? உலகத்துல எல்லாமே குட்டிக் குட்டி அணு. ஒவ்வொண்ணுக்கும் வெளியில எலக்ட்ரான் காவலுக்கு நிக்கும். யாராவது கிட்ட வந்தா தள்ளி விட்டுரும். அதனால எதுவும் எதையும் நிஜமா தொடுறதே இல்ல" என்று பாடம் நடத்தினாய். அவள் கைகொட்டிச் சிரித்தாள். "பெரிய காலேஜ் பாடத்தைக்கூட விளையாட்டாச் சொன்னா குழந்தைங்களுக்குப் புரியும்ணா" என்று நீ சொன்னபோது, பஸ் ஓட்டுகிறவன் வீட்டில் இப்படி ஒரு விஞ்ஞானி முளைக்கிறதே என்று எனக்கும் தலைகால் புரியவில்லை. நீ ரயிலேறிய மறுநாளே வினை ஆரம்பித்தது.

முதலில் குளிக்க மாட்டேன் என்றாள். சோப்பு உடம்பைத் தொடாதாம், பிறகு தேய்ப்பானேன் என்கிறாள். அடுத்து பால் டம்ளர் கவிழ்ந்தது. "யாரு தட்டிவிட்டது?" என்று உன் அண்ணி கேட்டாள். "நான் தொடலை. எலக்ட்ரான் தள்ளிருச்சு." நீ பாடம் நடத்தியபோது அண்ணி மருந்துக்கடையில் வேலையாக இருந்தாள் அல்லவா, எலக்ட்ரான் என்பது பக்கத்து வீட்டுப் பூனையின் பெயர் என்று எண்ணிக்கொண்டு, ஒரு வாரம் சமையலறை ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். இதெல்லாம்கூடப் போகட்டும், பள்ளியிலிருந்து போன் வந்தது பார், அதுதான் பெரிது. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடினேன். சறுக்குமர வரிசையில் இவள் தன் உயிர்த்தோழி ரெட்டைப்பின்னலைத் தள்ளிவிட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கு முழங்கால் சிராய்ப்பு.

"கேட்டா தொடவே இல்லைங்கறா சார்," என்றார் டீச்சர். "அதெப்படின்னு கேட்டேன். எனக்கே பாடம் எடுத்துட்டா. இப்ப வகுப்புல பதினாலு பிள்ளைங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. கடிச்சவன்கூட 'பல்லு படலை மிஸ்'ங்கறான். இன்னொரு தடவை இப்படி நடந்தா, பட்டாணியைக் கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுக்குங்க."

வீட்டில் யார் வைத்துக்கொள்வது? நான் பஸ்ஸில், உன் அண்ணி கடையில். வரும் வழியெல்லாம் நன்றாகத் திட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பு அலமாரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, செருப்பு வாரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அப்ப நீ என்னைத் தூக்குறப்போ தொடுறதே இல்லையா?"

இருபத்திரண்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன். எந்தச் சிக்னலும் என்னை இப்படி நிறுத்தியதில்லை.

"அம்மா முத்தம் குடுத்தாக்கூடவா?" என்றாள். உதடு நடுங்கத் தொடங்கிவிட்டது. உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை, ஆராய்ச்சியில் இருந்திருப்பாய். வேறு வழியில்லாமல் அந்தக் காந்தங்களையே எடுத்து வந்து, அவள் ரெண்டு கையிலும் ஒவ்வொன்றாகக் கொடுத்து, என் கையால் மூடிக் கிட்டக் கொண்டுபோனேன்.

"தள்ளுறது தெரியுதா?"

"தெரியுது."

"அப்படித் தெரியுது பாரு, அதுக்குத்தான் நாம தொடுறதுன்னு பேரு வெச்சிருக்கோம். உன் எலக்ட்ரானும் அப்பா எலக்ட்ரானும் தள்ளிக்குதுங்க, அதனாலதான் நான் தூக்கினா உனக்குத் தெரியுது. கட்டிக்கிட்டா இதமா இருக்கும், இடிச்சுத் தள்ளினா வலிக்கும். ரெண்டுமே நாம பண்றதுதான். பழியை எலக்ட்ரான் மேல போடக்கூடாது."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தள்ளுது" என்றாள். மறுநாள் ரெட்டைப்பின்னலிடம் போய், "தள்ளினது என் எலக்ட்ரான்தான். சாரி" என்றாளாம். அந்தப் பெண் பதிலுக்கு ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "என்னோடதும் சாரி" என்றதாம். ரெண்டும் இப்போது ஒரே டப்பாவில் சாப்பிடுகின்றன.

நான் சொன்னது சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அறிவியலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம் என்பது உனக்கே தெரியும். ஆகையால் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை வரும்போது பந்து வாங்கி வா, பொம்மை வாங்கி வா, வெறுங்கையோடு வந்தாலும் சந்தோஷம். அறிவியல் மட்டும் வேண்டாம். இந்த வீடு அணுவோடு நிற்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, கண்ணாடிப் பவர் ஏறாமல், உன் துறையில் மேலும் மேலும் உயர்ந்து நன்றாயிரு.

இப்படிக்கு,
பாசமுள்ள அண்ணன்

பின்குறிப்பு: அண்ணி எழுதுகிறேன். தபாலில் போடத் தந்தார், படித்துவிட்டேன். பட்டாணி அணுவை விட்டு ஒரு வாரமாகிறது. இப்போது அவளுக்கு மண்புழுதான் எல்லாம். விடாமல் பிடித்திருப்பவர் உன் அண்ணன். அவர் சொன்ன விளக்கத்தைப் பட்டாணி வகுப்பில் போய்ச் சொல்ல, நீங்களே வகுப்புக்கு வந்து இன்னும் ஏதாவது சொல்லுங்கள் என்று டீச்சர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வியாழக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என் புதுப் போர்வையை நாலு நாற்காலியில் இழுத்துக் கட்டி, நடுவில் பூசணிக்காயை வைத்து, சுற்றிலும் கோலிக்குண்டு உருட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டால் பூசணிக்காய் சூரியனாம், கோலிக்குண்டு பூமியாம், இதுதான் ஈர்ப்பு விசையாம். போர்வை கிழிவதற்குள் ஓர் அறிவியல் புத்தகத்தை அவர் பெயருக்கே அனுப்பிவிடு. படம் நிறைய இருக்கட்டும்.