உள்பக்கம் தைத்த முகம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கு நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், முட்டியைத் தவிர, தூக்கத்தைத் தவிர, அவர் வேலை முடிந்து வருகிற ஆறு மணியைத் தவிர மற்றபடி சுகம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது, மூச்சு முட்டுகிற இடத்தில் நீயே நிறுத்திக்கொள்.

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை செல்போனில் கால்பந்து ஆட்டத்தில் விரித்த துணியின் படத்தைக் காட்டினாராம், என் வீட்டுக்காரர் முகத்தைத் துணியில் தைக்கிறேன் என்று எழுதினாயே, அங்கே வெறும் வெள்ளைத் துணிதானே இருக்கிறது, ஊரே சிரிக்கிறதே என்று கேட்டிருக்கிறாய். மாடி அறையை ஒழித்து வைத்திருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். வருகிறேன் அக்கா. பெட்டி கட்டியாயிற்று. வருவதற்கு முன்னால் நடந்ததை எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் பாதியில் சிரிப்பேன், அத்தானுக்குக் குழப்பமாகிவிடும்.

உனக்குத் தெரியும், அவருக்குக் கண்ணாடி வெட்டுகிற வேலை. நாள் முழுக்க மூச்சை அடக்கிக் கோடு இழுக்கிறவர், வீட்டுக்கு வந்தாலும் அந்த அடக்கம் போகாது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை. டீ, போதும், மழை, படு. மழை இல்லாத நாளில் மூன்று. மேசையில் உட்கார்ந்தால் மட்டும் இரண்டு விரல் சும்மா இருக்காது. டொக், டொக், டொக்டொக், டொக். இருபத்தாறு வருஷம். "மேசை உங்களுக்கு என்ன பாவம் பண்ணிச்சு" என்று நானும் இருபத்தாறு வருஷம் கேட்டேன். சனிக்கிழமை மத்தியானம் அலமாரி மேலிருந்து ஒரு பழைய டிரம்மை இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கால்பந்து ஆட்டத்துக்குப் போவார், சாயங்காலம் வருவார். "யாரு ஜெயிச்சா" என்றால் "அவங்க" என்பார். எப்போதும் அவங்கதான். அதனால் அது ஏதோ துக்கம் விசாரிக்கப் போகிற இடம் என்றே நினைத்திருந்தேன்.

அவர் கண்ணை மூடின மறுவாரம் நாற்பது பேர் வந்தார்கள், அவர் சனிக்கிழமை போகிற அணியின் ரசிகர் கூட்டமாம். எல்லோரும் ஒரே மஞ்சள் சட்டை. மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் கீழ்வீட்டு வாசல்வரை வரிசை போனது, கீழ்வீட்டுக்காரர் ஏதோ தள்ளுபடி விற்பனை என்று இறங்கி வந்து பார்த்தார். அவர்களுக்குத் தலைவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். தொண்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் வேலை என்ன தெரியுமா, கேலரியின் முன்னால் ஒரு ஸ்டூலில் ஏறி ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கூட்டத்தைப் பாட வைப்பது. பன்னிரண்டு வருஷமாக ஒரு ஆட்டம் விடாமல் போகிறார், ஒரு கோல்கூட பார்த்ததில்லை.

"அண்ணி, அண்ணன் கட்டின பாட்டு ஒண்ணு பாடிட்டுப் போயிடறோம்" என்றார்.

"யாரு கட்டினது?"

"அண்ணன்தான். பதினொரு பாட்டு கட்டியிருக்கார் அண்ணி. வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ல போறப்ப சொல்லிக் குடுப்பார். பேச ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது, டிரைவரே போதும்ணேன்னு கும்பிடுவார்."

எனக்கு அழுகை வரவில்லை அக்கா, கோபம்தான் வந்தது. என் பங்கு வார்த்தையை எல்லாம் கொண்டுபோய் அந்த பஸ்ஸில் கொட்டியிருக்கிறார். நாற்பது பேருக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவர்கள் பாடின பாட்டைக் காதில் வாங்காமல் டம்ளர் கழுவினேன்.

அவர்கள் இரண்டு விஷயம் கேட்டார்கள். ஒன்று டிரம். தர மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டால் எனக்கே தெரியாது, இத்தனைக்கும் அதைத் தூசி தட்டும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன். இன்னொன்று துணி. அவர்கள் கூட்டத்தில் ஒருவர் இறந்துபோனால், அவருடைய உறுப்பினர் எண் எதுவோ, ஆட்டத்தில் அந்த நிமிஷம் வரும்போது கேலரியே எழுந்து கைதட்டுமாம். அவர் எண் முப்பத்தொன்று. முப்பத்தொன்றாம் நிமிஷம் அவர் முகம் போட்ட பெரிய துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க வேண்டும், அதை நான்தான் தைத்துத் தர வேண்டும், ஏனென்றால் திரைச்சீலைக் கடையில் முப்பது வருஷம் தைத்தவள் அவர்களுக்கு வேறு யாரும் தெரியாது. கை சும்மா இருந்தால் தலை வேலை செய்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

அவர்களில் ஒரு பல் டாக்டர் அம்மா உண்டு. சாந்தமான முகம், தோற்கும்போது அவர்தான் அதிகமாகக் கத்துவாராம். கோல் வாங்க வாங்கச் சத்தம் கூட வேண்டும் என்பது அங்கே சட்டம். அவர்தான் விளக்கினார். "துணியில இருக்கிற படம் எதிர்ப்பக்கத்து ஆளுங்க பாக்கறதுக்கு அண்ணி. தூக்கிப் பிடிக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, இருட்டா இருக்கும், தலைமுடி கலையும், அவ்வளவுதான். அண்ணன் இருபது வருஷமா துணிக்கு அடியில நின்னார், ஒரு படத்தையும் பாத்ததில்ல. மறுநாள் பேப்பர்ல பாத்து, நல்லா இருந்திருக்கேம்பார்."

ஐந்து ஞாயிற்றுக்கிழமை. முதலாளியம்மா பட்டறையைத் திறந்துவிட்டார், மேசைகளை எல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் விரித்தேன். நாற்பது முழ அகலம். மூக்கு மட்டும் வாசல் கதவு அளவு. மீசைக்கு ஒரு சோபா செட்டுக்கு உறை போடுகிற கறுப்புத் துணி ஆயிற்று. கல்யாணப் படத்தைப் பார்த்துத்தான் வெட்டினேன், அதில் அவர் முழிக்கிற முழி சரியாக வரவில்லை, நாலு தடவை கண்ணைப் பிரித்துத் தைத்தேன். மத்தியானம் அவர் காதுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஒரு நாள் அப்படியே கன்னத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன் அக்கா. ஜன்னலில் மாட்டியிருந்த சாம்பிள் திரைகள் எல்லாம் காற்றில் மெல்ல உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டிருந்தன, அறையே மூச்சு விடுகிற மாதிரி. கனவில் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசினார். நிறையப் பேசினார். எழுந்ததும் ஒன்றும் ஞாபகம் இல்லை, கன்னத்தில் தையல் தடம் மட்டும் இருந்தது, என் கன்னத்தில்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். திரைச்சீலையில் பூப்போட்ட பக்கம் எப்போதும் அறைக்குள்ளே இருப்பவர்களுக்கு. தெருவுக்குத் தெரிவது வெள்ளை உள்துணிதான். முப்பது வருஷம் அப்படியே தைத்த கை. பிடிக்கிற கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கீழே என்பது அவர்கள் கணக்கு. நான் பழக்கத்தில் கைப்பிடிகளை முகம் இருக்கிற பக்கத்தில் வைத்துத் தைத்து, மறுபக்கத்துக்கு வெள்ளை உள்துணியும் கொடுத்து, முகம் உள்ளே போகும்படி மடித்து அனுப்பிவிட்டேன். மேலே இருக்க வேண்டிய முகம் கீழே போய்விட்டது. இவ்வளவுதான் அக்கா நடந்த தப்பு. வயசாகிவிட்டது.

சனிக்கிழமை டிரம்மையும் எடுத்துக்கொண்டு போனேன். ஊரைவிட்டுப் போகப்போகிறவளுக்கு அது எதற்கு, அவர்களிடமே கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடலாம் என்று. கேலரியில் அவர் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஏற்கெனவே இரண்டு கோல் வாங்கியாயிற்று, அதனால் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். முப்பத்தொன்றாம் நிமிஷம் தொண்டை கை மைக்கில் "தூக்கு" என்றார். பின்வரிசையிலிருந்து துணி தலைக்கு மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

முதலில் தாடை வந்தது. பிறகு மீசை, பல் டாக்டர் தலைமேல் போய் நின்றது. வெயில் வெள்ளை உள்துணி வழியாக இறங்கி, அவர் முகத்து நிறம் முழுக்க எங்கள் மேல் விழுந்தது, என் கை, டிரம், முன்னூறு பேர் நெற்றி எல்லாம் அவர் நிறம். நேர் மேலே அவர் கண். நாலு தடவை பிரித்தும் சரியாக வராத அந்தக் கண் அங்கே சரியாக இருந்தது. முன்னூறு பேர் கை லேசாக ஆடினதில் முகம் ஏறி இறங்கியது, மூச்சு விடுகிற மாதிரி. தோற்கத் தோற்கக் கத்துகிற கூட்டம் அக்கா, ஒரு சத்தம் இல்லை. கைதட்டவும் மறந்துவிட்டார்கள். யாரோ, "அண்ணே" என்று மட்டும் சொன்னார்கள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விரல் தானாக டிரம்மில் போய் உட்கார்ந்தது. டொக், டொக், டொக்டொக், டொக். மேசைக்குத் தெரிந்தது விரலுக்கும் தெரிந்திருக்கிறது. அதுதான் அவர்கள் பாட்டுக்குத் தாளமாம். முன்னூறு பேரும் எடுத்தார்கள். அன்று டம்ளர் கழுவிக்கொண்டே காதில் வாங்காமல் விட்ட பாட்டு. இந்தத் தடவை வாங்கினேன். தோற்றுவிட்டு வீட்டுக்குப் போகிறவனைப் பற்றின பாட்டு அக்கா, கதவைத் தட்டினால் ஒருத்தி திறந்து யார் ஜெயித்தது என்று கேட்பாளாம், அதைக் கேட்கவாவது அடுத்த வாரமும் தோற்கலாமாம்.

வெளியே நடந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். எதிர்ப்பக்கத்து ஆட்கள் நாற்பது முழ வெள்ளைத் துணியைப் பார்த்து, நாங்கள் சமாதானக் கொடி காட்டிச் சரணடைந்துவிட்டோம் என்று எழுந்து நின்று ஆரவாரம் செய்திருக்கிறார்கள். என்ன சத்தம் என்று அவர்கள் கோல்கீப்பர் திரும்பிப் பார்க்க, பந்து அவர் முதுகில் பட்டு உள்ளே போய்விட்டது. இரண்டு மாதத்தில் எங்கள் முதல் கோல். முன்னூறு பேரில் ஒருவரும் பார்க்கவில்லை. துணியை இறக்கினதும் "பலகையில ஒண்ணுன்னு போட்டிருக்கே, யாரு அடிச்சா" என்று பக்கத்தில் இருக்கிறவரைப் பிடித்து உலுக்கினார்கள். தொண்டை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டு வருஷமா நான் ஒருத்தன்தான் பாக்காம இருந்தேன், இன்னிக்கு எல்லாரும் என்கூட வந்துட்டீங்க" என்றார்.

கடைசியில் ஐந்துக்கு ஒன்று. தோல்விதான். ஊர் சிரித்ததும் உண்மைதான். துணியைத் திருப்பித் தைத்துத் தரச் சொன்னார்கள், சரி என்று வாங்கி வந்தேன். என் தப்பை நானே சரிசெய்து கொடுத்துவிட்டு, டிரம்மையும் ஒப்படைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுகிறேன். இனி அந்தக் கூட்டத்துக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. மாடி அறையில் வெளிச்சம் வருகிற பக்கம் தையல் மிஷினுக்கு இடம் விடு.

அத்தானுக்கு என் வணக்கம், மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல். மாப்பிள்ளையிடம் நான் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை என்று சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, சித்தி மாதிரி இல்லாமல் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்து நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு
உன் பிரியமுள்ள தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் தைத்தவளுக்கு மேல்பக்கம் எது உள்பக்கம் எது என்று தெரியாதா அக்கா. எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்கு அவர் யார். இருபது வருஷம் அடியில் நின்றவர்கள் ஒரு தடவை பார்க்கட்டும், அவர்களோடு நானும் பார்க்கிறேன் என்று தெரிந்தேதான் தைத்தேன். இது உனக்கு மட்டும். திருப்பித் தைத்துத் தரச் சொன்ன துணி கட்டில்மேல் கிடக்கிறது, நான் ஒரு தையலும் பிரிக்கவில்லை, பிரிக்கப்போவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு யாரையும் அனுப்பாதே. அன்றைக்கு வெளியூர் ஆட்டம், பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டிருக்கிறார்கள், மீதி பத்துப் பாட்டையும் போகிற வழியில் பாடிக் காட்டுகிறார்களாம். டிரம்மை நான்தான் எடுத்துப் போகிறேன். யார் ஜெயித்தது என்று திங்கட்கிழமை போன் பண்ணிக் கேள்.