ஓணான்களுக்குப் பெரட்டு எடுத்த டீமேக்கர்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் சாட்சியாக என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். பொழுது விடிந்துவிட்டது. கேகாலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலைக்குப் பின்னே தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அதன் முற்றத்தில் பழைய தேயிலைப் பெட்டிகளை அடுக்கிக் கம்பிவலை அடித்த பெரிய கூடு. அதன் முன்னே, கையில் கொப்பியும் காதில் பென்சிலுமாக, காக்கி அரைக்காற்சட்டைக்காரர் ஒருவர் நின்று உரக்க அழைக்கிறார்:

"மீனாச்சி! வந்தாச்சு. கறுப்பாயி! வந்தாச்சு. சின்ன தொரை! எங்கடா சின்ன தொரை? இன்னைக்கும் லேட்டா?"

அழைக்கப்பட்ட அனைவரும் ஓணான்கள்.

விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்போம். மனிதருக்குப் பெரட்டு எடுத்தோர் எண்ணற்றோர். ஓணானுக்குப் பெரட்டு எடுத்தவர் இந்த இலங்கைத் தீவில், தொழிற்சாலையில் தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான எங்கள் டீமேக்கர் ஒருவரே என்பதை எந்த மேடையிலும், எந்த எதிரணிக்கு முன்னும் நிறுவ நான் ஆயத்தம்.

அவை சாதாரண ஓணான்களும் அல்ல. ஈரக் காட்டில் மட்டும் வாழும் பச்சை ஓணான்கள். மூக்கின் நுனியில் கொழுக்கட்டை ஒட்டியது போல ஓர் உருண்டை. யாராவது தொட்டால் செக்கச் சிவந்த வாயை அகலத் திறக்கும். அதற்கும் அஞ்சாவிட்டால் கைகால்களைப் பரப்பிச் செத்தது போலக் கிடக்கும். ஒருமுறை தோட்ட மேலாளரான பெரிய துரையின் மனைவி ஆசையாய்த் தடவிப் பார்க்க, கறுப்பாயி அக்கணமே 'செத்துப்' போனாள். அம்மையார் அழாக் குறையாகத் திரும்பிச் சென்று பங்களாவிலிருந்து வருத்தக் கடிதம் அனுப்பினார். கடிதம் வந்தபோது கறுப்பாயி மண்புழு தின்றுகொண்டிருந்தாள்.

"இதுக்கு ஏன் சின்ன தொரைன்னு பேரு வச்சீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் தோட்டத்தில் சின்ன துரை என்றால் உதவி மேலாளர்.

"பாருங்க தம்பி. கட்டையில ஏறி நிக்குது. நாலு தரம் தலைய ஆட்டுது. அதோட இன்னைக்கு வேலை முடிஞ்சிருச்சு."

நான் அப்போது தொழிற்சாலை ஆபீசில் உதவிக் கிளாக்கர். அதைவிட முக்கியமாக, தோட்டத்து வாலிபர் மன்றத்தின் முதன்மைப் பேச்சாளன். ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் பிள்ளைகள் நிறைந்த தோட்டத்தில் ஒருவர் அதற்கு வீடு கட்டிக் கொடுப்பது எனக்கு நகைப்பாக இருந்தது. மன்றத்தில் 'அறிவீனத்தின் ஐந்து அடையாளங்கள்' என்று பேசியபோது மூன்றாவது அடையாளமாக அவரையே சுட்டினேன். முன்வரிசையில் இருந்த அவரே முதலில் கைதட்டினார். "குரல் நல்லா இருக்குங்க தம்பி" என்றார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை: தம் கூட்டில் இட்ட முட்டை தம் கண் முன்னே பொரிய வேண்டும். அதற்கு அவர் கையாண்டது தேயிலைச் சாஸ்திரம். கொழுந்து வாடவும் தூள் புளிக்கவும் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்பதை மூக்காலேயே அளப்பவர் அவர். முதல் ஈட்டு முட்டைகளைத் தூள் காய்ச்சும் டிரையருக்குப் பக்கத்தில் வைத்தார், வெந்துபோயின. இரண்டாம் ஈட்டைக் கொழுந்து வாட்டும் மாடியில் வைத்தார், பூஞ்சணம் பிடித்தது. மூன்றாம் முறை மீனாச்சி ஏழு முட்டை இட்டாள். இட்ட மறுவாரமே இறந்தும் போனாள், இம்முறை நடிப்பில்லாமல். கறுப்பாயியோ முட்டையிடும் வயதைக் கடந்தவள். ஆகவே அந்த ஏழுடன் எல்லாம் முடிவு.

ஆற்று மணலும் ஈரத் தேயிலைக் கழிவும் கலந்து ஒரு சிறு பெட்டியில் பரப்பி, முட்டைகளைப் பாதி புதைத்து, ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி இட்டார்.

"இது கோழி முட்டை இல்லீங்க தம்பி. வச்ச வாக்குலயே இருக்கணும். உருண்டுச்சுன்னா உள்ள இருக்கிறது செத்துப் போயிரும்."

சூடும் ஈரமும் சரியாகப் பொருந்திய இடம் தூள் பொதி செய்யும் அறையின் மூலைதான் என்று கண்டறிந்தார். துரையின் கண்ணில் படாதிருக்க, டஸ்ட் தேயிலை போகும் பெட்டிகளைப் போலவே அதற்கும் தோட்டத்தின் பெயரை அச்சிட்டு, மூடியைச் சும்மா மேலே வைத்து, அந்த வரிசையின் ஓரத்தில் நிறுத்தினார். என்னிடமும் காட்டினார். நானும் தலையாட்டினேன், சின்ன துரையைப் போலவே.

இரண்டு மாதம் கழிந்த ஒரு காலை. லொறியில் பெட்டி ஏற்றும் பொறுப்பு என்னுடையது. மறுநாள் கேகாலையில் சொற்போர். ஆகவே லொறிக்கு முன்னே நின்று முன்னுரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஐயா, இந்தப் பெட்டி மூடி ஆணி அடிக்காம கெடக்கு" என்றான் பெட்டி தூக்கும் மாடசாமி.

"அடி!" என்றேன்.

"வெயிட்டும் கம்மியா இருக்குதுங்களே?"

"அவையோரே, கனம் என்பது எடையில் இல்லை!" என்று நான் முழங்க, அதையே உத்தரவாகக் கொண்டு மாடசாமி ஆணியடித்து ஏற்றிவிட்டான்.

பத்து மணிக்கு டீமேக்கர் பொதி அறைக்குப் போனார். திரும்பி வந்தவர் என்னை ஏசவில்லை. சைக்கிளை எடுத்து, "பின்னால ஏறுங்க" என்றார், அவ்வளவுதான். லொறி போன ரம்புக்கனை ஸ்டேஷன்வரை இறக்கம். அவர் பிரேக்கைத் தொட்டதாக எனக்கு நினைவில்லை.

பெட்டிகள் மேடையில் அடுக்கப்பட்டு வண்டிக்குக் காத்திருந்தன. பொருட்களுக்குப் பொறுப்பான சிங்கள உத்தியோகத்தரிடம் நான் முந்திக்கொண்டேன். உயிர்களின் உரிமை, கடமையின் மேன்மை, மன்னிப்பின் மாண்பு ஆகியவை பற்றிச் செந்தமிழில் ஐந்து நிமிடம் உரையாற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டீமேக்கர் பக்கம் திரும்பி, "மொனவத மே மாத்தயா கியன்னே?" என்றார். இவர் என்னதான் சொல்கிறார் என்பது பொருள்.

டீமேக்கர் இரண்டே சொல் சொன்னார்: "கட்டுஸ்ஸாகே பித்தர." ஓணான் முட்டை.

"அனே!" என்று, ஐயோ பாவம் என்பது போல, எழுந்தார் உத்தியோகத்தர். டீமேக்கரிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, தாமே இரண்டு ஆட்களுடன் பெட்டிகளை இறக்கினார். கனமில்லாத பெட்டி அடிவரிசையில் அகப்பட்டது, பக்கவாட்டில் சாய்ந்து. மூடியை நெம்பினோம். மணல் ஒருபுறம் சரிந்து கிடந்தது. மேலே தெரிந்த முட்டைகளில் சிலுவையைக் காணோம்.

டீமேக்கர் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு விரல் நுனியால் மணலை விலக்கி, ஒவ்வொன்றையும் பழைய வாக்கில் திருப்பி வைத்தார். மூலையில் இருந்த இரண்டு மட்டும் மணலின் இறுக்கத்தில் அசையாதிருந்தன. சைக்கிளை ஸ்டேஷனிலேயே விட்டோம். பஸ்ஸில் பெட்டியை என் மடியில் வைத்தார்.

"தம்பி, அதிராமப் பிடிங்க. பேசாம வாங்க."

தோட்டம்வரை நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் சொற்போருக்கும் போகவில்லை.

அதன்பின் நாளும் இரண்டு வேளை அந்த மூலைக்குச் சென்று ஈரம் பார்த்தேன். ஐந்து முட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் கறுத்தன. ஒவ்வொன்றையும் அவரே எடுத்துப் புதைத்தார், என்னைப் பார்க்கவிடவில்லை. நான்காம் வாரம் ஒரு காலை மாடசாமி ஓடிவந்து, "ஐயா, டீமேக்கர் ஐயா ஒங்கள வரச்சொல்றாரு" என்றான்.

மணலின் மேல் இரண்டு குஞ்சுகள், விரல் நீளத்தில். ஒன்று எங்களைக் கண்டதும் சிவந்த வாயை அகலத் திறந்தது. திறந்தது திறந்தபடியே நின்றது.

"வாயத் தொறந்தா மூட மாட்டேங்குது" என்றார் டீமேக்கர். "அதனால ஒங்க பேரத்தான் வச்சிருக்கேன் தம்பி. கோவிச்சுக்காதீங்க."

கொப்பியைப் புரட்டிக் காட்டினார். மீனாச்சி என்று எழுதி அடித்திருந்த வரிக்குக் கீழே என் பெயர் இருந்தது. விடிய விடியத் தொழிற்சாலையில் நின்று தூள் காய்ச்சிவிட்டு வந்திருந்த அவர் கண்கள் சிவந்திருந்தன. அவர் காதிலிருந்த பென்சிலை நானே எடுத்துக்கொண்டு, மாடசாமியும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்:

"நாளையிலருந்து காலைப் பெரட்டு நான் எடுக்கிறேங்க. நீங்க போய்த் தூங்குங்க. ஒரு பேரு விடமாட்டேன்."