ஏழாம் நிலைக் கதவுத் திறப்பாளர்

வேலையில்லாதவருக்கு வேலை தேடித் தருவது அரசின் தலையாய கடமை. அந்தக் கடமையை எங்கள் ஸ்லோவேனியா எவ்வளவு சிரத்தையோடு செய்கிறது என்று கோரோஷ்கா மலைப்பக்கத்தில் வேலை இழந்த யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். பதில் சொல்லத்தான் அவர்களுக்கு நேரம் இருக்காது. ஏதாவது ஒரு பயிற்சியில் உட்கார்ந்திருப்பார்கள்.

சில்வோ பெச்சோவ்னிக் முப்பத்தொரு வருஷம் பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அது மூடப்பட்டபோது அதன் வாசலுக்குக் கடைசிப் பூட்டைப் போட்டவரும் அவரே. ஏழு மாதமாக வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேட்டில் இருந்தவருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை விடிவுகாலம் வந்தது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் நடத்தும் ஓஷ்லாக், பராமரிப்பு வேலைக்கு ஆள் வேண்டும், பதினோரு மணிக்கு வந்து பார் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் அன்றைக்கே எட்டு முதல் இரண்டு வரை "நம்பிக்கையோடு வேலை தேடுவது எப்படி" என்ற பயிற்சி. வராதவர்களுக்குப் பதிவு ரத்து, உதவித்தொகையும் ரத்து. நேர்காணலுக்காகப் பத்தரைக்குக் கிளம்பலாம் என்று ஆலோசகர் நெவெங்கா பெரிய மனது பண்ணி எழுத்துமூலம் அனுமதி கொடுத்திருந்தார்.

பயிற்சியில் எட்டுப் பேர். "நீங்க ஒரு மரமா இருந்தா, என்ன மரம்?" என்று ஆரம்பித்தார் நெவெங்கா.

"வெறகுங்க மேடம்," என்றார் சில்வோ.

"நேர்மறையா சொல்லுங்க."

"காஞ்ச வெறகு."

ஒன்பதரைக்கு நெவெங்கா தண்ணீர் பிடிக்க எழுந்து கதவை இழுத்தார். வரவில்லை. ஐரோப்பிய நிதியில் போன மாதம் பொருத்திய மின்பூட்டு அது. அறையோ மூன்றாவது மாடி. வெளியே இருந்த ஊழியர்கள் தங்கள் அட்டைகளைத் தேய்த்துப் பார்த்து, அனுதாபம் தெரிவித்துவிட்டுப் போனார்கள். லுப்லியானாவில் இருக்கும் பழுதுபார்க்கும் நிறுவனம், நாளை விடுமுறை என்பதால் வியாழக்கிழமை ஆள் வரும் என்றது.

சில்வோ சட்டைப்பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தார். "ரெண்டு நிமிஷ வேலை மேடம்."

"உக்காருங்க! வேலைன்னு நீங்களே சொல்றீங்க. நீங்க பதிவு பண்ணின வேலையில்லாதவர். இதைத் தொட்டா கள்ளவேலை."

"காசு வேணாம். சும்மா செய்றேன்."

"சும்மா செய்யணும்னா அக்கம்பக்கத்துக்காரங்களுக்குத்தான் செய்யலாம். இந்த ஆபீஸ் உங்களுக்குப் பக்கத்து வீடா?"

சில்வோ யோசித்தார். அவர் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓர் ஆறும் இரண்டு தேவாலயங்களும் ஒரு மலையும் இருந்தன. இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

நெவெங்கா ஒன்றும் கல்நெஞ்சக்காரர் அல்ல. முறைப்படி வேலை கொடுத்துவிட்டால் முறைப்படி திறக்கலாமே! மடிக்கணினியைத் திறந்து ஒரு பணியிடத்தை அறிவித்தார். கதவுத் திறப்பாளர், தற்காலிகம், ஒரே ஒரு கதவு. அவசர நடைமுறையில் விண்ணப்பிக்க இருபது நிமிடம்.

எட்டுப் பேரும் விண்ணப்பித்தார்கள். மாதம் நாலு விண்ணப்பம் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. காலடியில் வந்து விழுந்ததை யார் விடுவார்கள்?

பத்து மணி ஆனதும் மாலிட்சா. அந்த அரைமணித் தீனி நேரத்தில் எங்கள் நாட்டில் எந்தக் கோப்பும் நகராது. நெவெங்கா ரொட்டியில் ஈரல் பசையைத் தடவி நிதானமாகச் சாப்பிட்டார். சில்வோ கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்குத் தேர்வுக்குழு கூடியது. தலைவர், உறுப்பினர், செயலாளர் மூவரும் நெவெங்காவே. குழு ஒருமனதாக த்யாஷாவைத் தேர்ந்தெடுத்தது. கலை வரலாறு படித்துவிட்டு இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருந்த பெண்.

"எனக்குத் திறக்கத் தெரியாதே மேடம்!"

"உங்களுக்கு ஏழாம் நிலைப் பட்டம். பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலயப் பூட்டுகளைப் பத்தி ஆராய்ச்சி. சில்வோ வெறும் நாலாம் நிலை. உங்களை நீங்களே குறைச்சுப் பேசாதீங்க."

வாழ்க்கையில் முதல் வேலை. த்யாஷாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அரைமணி நேரம் பூட்டை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆராய்ந்தாள். பிறகு மெதுவாக, "சார், எங்க குத்தணும்?" என்றாள்.

"ஆலோசனை சொல்றதும் வேலைதான்," என்றார் நெவெங்கா. சில்வோ திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பதினொன்றே காலுக்கு அவர் போன் அடித்தது. ஓஷ்லாக்.

"என்னய்யா, எங்க இருக்கே?"

"ஒரு ரூம்ல மாட்டிக்கிட்டேன் சார். பூட்டு சிக்கிக்கிச்சு."



"நீ பூட்டுக்காரன்னுதானே சொன்னே?"

"ஆமா சார்."

"என் ஹோட்டல்ல நாப்பத்தாறு கதவு இருக்குய்யா," என்று சொல்லி ஓஷ்லாக் போனை வைத்துவிட்டார்.

சில்வோ எழுந்தார். த்யாஷாவை ஓரமாக நகர்த்தினார். கத்தியை இடுக்கில் விட்டு ஒரு நெம்பு நெம்பினார். கதவு திறந்துகொண்டது. தாழ்வாரத்திலிருந்து காப்பி மணம் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"யாரும் நகரக்கூடாது!" என்றார் நெவெங்கா. "கள்ளவேலையால திறந்த கதவு. செஞ்சவருக்கும் அபராதம், அதால பலன் அடைஞ்சவங்களுக்கும் அபராதம்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"அப்ப என் வேலை?" என்றாள் த்யாஷா.

"திறந்த கதவுக்குத் திறப்பாளர் எதுக்கும்மா?"

அதற்குள் சில்வோ தாழ்வாரத்தில் நாலடி நடந்திருந்தார். "எனக்குத்தான் அனுமதி இருக்கே. நான் போறேன்."

"அனுமதி நேர்காணலுக்கு. அதுதான் போன்லயே முடிஞ்சிருச்சே. ரெண்டு மணிக்குக் கையெழுத்து இல்லேன்னா பதிவு போயிடும் சில்வோ."

அவர் நின்றார். ஹோட்டல் போய்விட்டது. பதிவும் போனால் அடுத்த மாதம் சாப்பாட்டுக்கே திண்டாட்டம். திரும்பி உள்ளே வந்தார்.

"கதவை முன்ன இருந்த மாதிரியே வெச்சிருங்க," என்றார் நெவெங்கா குரலைத் தாழ்த்தி. "எதுவும் நடக்கல."

"பூட்டுறது வேலை இல்லையா மேடம்?"

"தப்பைச் சரி பண்றது கடமை."

"பூட்டிருங்க சார், ப்ளீஸ்," என்றாள் த்யாஷா. அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்க வேறு வழி இல்லை.

சில்வோ கதவைச் சாத்தினார். பழக்கதோஷத்தில் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்தும் பார்த்தார். அசையவில்லை. உள்ளே இருந்த ஒன்பது பேரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். அதில் சில்வோவின் மூச்சுதான் கொஞ்சம் பலமாகக் கேட்டது.