மேட்டு முசேயும் எழுபது வளைவுகளும்

இந்தியாவிலேயே மலையைப் பற்றி அதிகம் பேசிய மனிதர் யார் என்று யாராவது கேட்டால், இமயமலைப் பக்கமெல்லாம் தேட வேண்டாம். நேராகக் காரைக்காலுக்கு வந்துவிடுங்கள். எங்கள் ஊரில் மழைத்தண்ணீருக்குக்கூட எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாது. தெருவிலேயே நின்று யோசிக்கும். அப்படிப்பட்ட தட்டையான ஊரில் உட்கார்ந்துகொண்டு, காலை ஆறு மணிக்கு மலையைப் பற்றிப் பேச ஆரம்பித்து இரவு சாப்பாடு வரை நிறுத்தாத ஒருவர் இருக்கிறார். அவர்தான் மேட்டு முசே.

பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் ஆண்களை முசே என்று அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். இவர் பிரெஞ்சு ராணுவத்தில், சமையல்கட்டில் வேலை பார்த்து, பென்ஷனோடு சீக்கிரமே திரும்பியவர். அங்கே ஜன்னல் வழியாகப் பார்த்த மலைகள் மண்டைக்குள் புகுந்துவிட்டன. காரைக்காலில் எங்கே ஒரு மேடு தெரிந்தாலும் அதன் மேல் சைக்கிளை ஏற்றிவிடுவார் என்பதால் மேட்டு முசே.

ஆனால் மேட்டுக்கு எங்கே போவது? அரசலாற்றுப் பாலம் இருந்தது. அதில் ஏறுவார், இறங்குவார், மறுபடி ஏறுவார். அதுவும் அலுத்துப்போன ஒரு நாள், கீழவாஞ்சூர் துறைமுக வாசலில் சைக்கிளோடு போய் நின்றுவிட்டார். உள்ளே மலை போல் நிலக்கரி குவிந்து கிடந்தது.

"ஒரே ஒரு தடவை உச்சி வரைக்கும் ஏத்திட்டு வந்துடுறேங்க" என்றாராம் காவலாளியிடம்.

"சார், அது நாளைக்கு லாரில போயிடும்."

"அதனாலதாங்க சொல்றேன், இன்னிக்கே விடுங்க!"

எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்த்த வருடம் டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொன்னார். நான் அரசு அலுவலகத்தில் நாற்காலியோடு ஒட்டிப்போனவள். முசேயின் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கோஷ்டியில் சேர்ந்தேன். கல்லூரி விடுமுறைக்கு வந்த என் மகள் தேன்மொழி, நான் சைக்கிள் விடும் அழகைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே தானும் சேர்ந்தாள்.

முசேயின் பயிற்சி முறை வேறு எங்கும் இருக்காது. சுரக்குடியில் அவர் மச்சான் வீட்டுக்கு எங்களை அழைத்துப் போய், ஆளுக்கு அரை மூட்டை நெல்லைக் கேரியரில் கட்டிவிடுவார். பிறகு அதோடு கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டும்.

"மதாம், மலை எங்கருந்தோ வரல. எதிர்காத்தும் நெல்லுமூட்டையும் சேர்ந்தா மலை. மிதிங்க!"

நான் நாக்குத் தள்ள மிதித்துக்கொண்டிருந்தபோது எங்கள் அலுவலகக் கடைநிலை ஊழியர் ஸ்கூட்டரில் பக்கத்தில் வந்து, மிகுந்த மரியாதையோடு, "மேடம், ரைஸ் மில்லு அந்தப் பக்கம்ங்க" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

இவ்வளவு பெரிய வீரரிடம் ஒரு விசித்திரம். பாலத்தின் மேல் சிங்கம் மாதிரி ஏறுவார். உச்சிக்கு வந்ததும் நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்து, சைக்கிளிலிருந்து இறங்கி, மறுபக்கச் சரிவில் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பார். ஏற்றத்தில் தள்ளுகிறவர்களை உலகம் முழுக்கப் பார்க்கலாம். இறக்கத்தில் தள்ளுகிற ஒரே மனிதர் இவர்தான். அரசலாற்றுப் பாலத்தின் இறக்கம் எப்படி என்றால், அதில் ஓர் எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டால் அது பாதியில் மனம் மாறி நின்றுவிடும்.

காரணம் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்வார். செயின் ஓய்வெடுக்கிறது என்பார். ஆற்றைப் பார்க்கிறேன் என்பார். நான் விடாமல் நோண்டிய ஒரு நாள், "ஏறுறது மனுஷன் வேலை மதாம். இறங்குறது தண்ணி வேலை. அதுல என்ன பெருமை இருக்கு?" என்று கேட்டார்.

வெளியூர் சைக்கிள்காரர்கள் அவருக்குப் போன் செய்து மலைப் பாதைகளைப் பற்றி விசாரிப்பார்கள். ஏற்காட்டுக்கு எந்தப் பக்கம் ஏறினால் நிழல், ஜவ்வாது மலையில் எந்த இடத்தில் குடிதண்ணீர், எல்லாம் சொல்வார். உச்சிக்கு வந்ததும் போனை வைத்துவிடுவார். ஒருமுறை எதிர்முனையில் யாரோ, "இறங்குறதுக்கு எந்த வழி முசே?" என்று அலறியது எனக்கே கேட்டது. "அது உங்க சொந்த விஷயம்" என்றார்.

அவர் போடும் திட்டங்கள் எல்லாமே அப்படித்தான். ஏறுவதற்குச் சைக்கிள், இறங்குவதற்குப் பஸ். எந்த ஊர்ப் பஸ்ஸில் கூரை மேல் சைக்கிளைப் போடவிடுவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

போன டிசம்பரில் கோஷ்டியைக் கொல்லிமலைக்குக் கிளப்பினார். எழுபது கொண்டை ஊசி வளைவு. வேனில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு அடிவாரம் போவது, மிதித்து ஏறுவது, மேலே டீ குடிப்பது, சைக்கிளையும் நம்மையும் வேனில் போட்டுக்கொண்டு இறங்குவது. தேன்மொழியும் வருகிறேன் என்றாள். ஒரே பெண். நான் ஒரு பை கட்டினேன். அதில் பிஸ்கட், உப்பு சர்க்கரைப் பொட்டலம், கட்டுத்துணி, டார்ச், விசில், சுடுதண்ணீர்ப் பை, இரண்டு ஸ்வெட்டர் இருந்தன.

"ஏம்மா, மலை ஏறப் போறமா, மலைக்குக் குடித்தனம் போறமா?" என்றாள் தேன்மொழி.

எல்லாவற்றையும் பார்த்தோம். செயினுக்கு எண்ணெய் போட்டோம், டயருக்குக் காற்று அடித்தோம், சீட்டு உயரத்தைச் சரிசெய்தோம். ஒருவர்கூட பிரேக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பிரேக் என்பது குறுக்கே ஆடு வந்தால் பிடிப்பது. ஆட்டுக்கே பாதிப் பேர் செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்திவிடுவார்கள். பிரேக் கட்டை தேயும், தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்ற விஷயம் காரைக்காலுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

முதல் வளைவிலேயே என் கால்கள் ஏமாந்தன. பாலத்தில் பழகிய கால்கள் அல்லவா, ஏற்றம் முடிந்தால் அடுத்த நொடி இறக்கம் வந்தாக வேண்டும் என்று அவற்றுக்கு ஒரு நம்பிக்கை. வளைவைத் தாண்டியதும் தாமாகவே மிதிப்பதை நிறுத்திவிட்டன. சைக்கிள் பின்னால் உருளத் தொடங்கியது.

"அம்மா! இது பாலம் இல்ல, மிதி!"

முசேவோ முன்னால் பறந்துகொண்டிருந்தார். உயரத்தை அளக்க அவரிடம் ஒரே அளவுகோல்தான், அரசலாற்றுப் பாலம். "இன்னும் ஆறே ஆறு அரசலாறு, மதாம்! வாங்க, வாங்க!" அடுத்த வளைவில், "இப்ப அஞ்சு!" அதற்கடுத்த வளைவில் மறுபடியும், "ஏழு!" கணக்கு ஏறுகிறதே என்று கேட்க எனக்கு மூச்சு இல்லை. பாதி வளைவுகளை மிதித்தும் மீதியை வேனிலுமாக நான் ஏறி முடித்தேன். தேன்மொழி கடைசி வரை மிதித்தே ஏறினாள். உச்சியில் முசே அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். கோஷ்டியில் மற்றவர்கள் அருவியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று டிரைவரையும் வேனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் முசேவும் தேன்மொழியும் மட்டும் இருந்தோம். பனிமூட்டம் மெல்ல இறங்கி வந்தது. நான் பையில் ஸ்வெட்டரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, நான் பத்து வளைவு மட்டும் சைக்கிள்ல இறங்கி நிக்கிறேன். வேன் வர்றப்ப ஏத்திக்கோ."

நிமிர்ந்து வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் முதுகு வளைவில் திரும்பி மறைந்துவிட்டது. "தேனு!" என்று கத்தினேன். பதில் வரவில்லை. அவள் நின்ற இடத்தில் பனிதான் இருந்தது.

டீக்கடைக்காரர், கடையோரம் சாய்த்து வைத்திருந்த என் சைக்கிளின் பிரேக்கை விரல் நுனியால் அழுத்திப் பார்த்தார். "அந்தப் பொண்ணு வண்டியிலயும் இதே கட்டைதானாங்க?" என்று கேட்டார். "இதை வச்சுக்கிட்டு இறங்க முடியாதுங்க."

போனை எடுத்தேன். வேன் டிரைவருக்குப் போன் போகவில்லை. தேன்மொழி போனை என் பையில்தான் வைத்திருந்தாள். முசேவைப் பார்த்தேன். பாதி குடித்த டீயைப் பெஞ்சில் வைத்தார். தொப்பியைக் கழற்றி டீ கிளாஸின் மேல் கவிழ்த்தார். சைக்கிளில் ஏறினார். இறக்கத்தைப் பார்த்து ஏறினார்.

"முசே, உங்களால முடியாதே!"

அவர் காதில் விழவில்லை. மணியை அடிக்கத் தொடங்கினார். அடித்துக்கொண்டே இறங்கினார். ஒரு வளைவு, அடுத்த வளைவு, கீழே இன்னொரு வளைவு என்று பனிக்குள்ளிருந்து மணிச் சத்தம் மட்டும் எனக்கு வந்துகொண்டிருந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். மணி சின்னதாகிக்கொண்டே போனது. திடீரென்று நின்றுவிட்டது.

அந்த அமைதி இன்னமும் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதும் தெருவில் எங்கேயாவது சைக்கிள் மணி பாதியில் நின்றால் நான் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்க்கிறேன்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு இறங்கிய ஒரு மினி லாரியைக் கையைக் காட்டி மறித்து ஏறினேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே வண்டியைக் கிளப்பினார். சில வளைவுகள் தாண்டி, மலைப் பக்கத்து மண் சரிவில் தேன்மொழியின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே புதருக்குள் முசேயின் சைக்கிள் தலைகீழாக நின்றது. இரண்டு சக்கரமும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் குதித்து இறங்கி அலறினேன்.

"அம்மா, கத்தாத! முசே பயப்படுறாரு!"

சாலையோரச் சுவரில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தேன்மொழிக்கு முழங்காலில் சிராய்ப்பு. முசே இரண்டு கைகளாலும் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்களை மூடியிருந்தார். தலைமுடியில் முள்ளும் இலையும். என் மகள் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், முதுகில் இரண்டு அடியும் வைத்தேன், மறுபடி அழுதேன்.

பிறகுதான் கதை வெளியே வந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் தேன்மொழி காலைத் தேய்த்து, காரைக்கால் முறைப்படி, மலைப் பக்கத்து மண்ணில் வண்டியைச் செருகி நிறுத்திவிட்டாள். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து மணி அடித்துக்கொண்டு முசே வந்திருக்கிறார்.

"'நில்லும்மா, நில்லு!'ன்னு கத்திக்கிட்டே என்னைத் தாண்டிப் போறாரும்மா. 'நான் நின்னுட்டேன் முசே, நீங்க நில்லுங்க'ங்கறேன். நிக்க மாட்டேங்கிறாரு!"

லாரிக்காரர் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, எங்களுக்கும் வாழைத்தாருக்கு நடுவே இடம் ஒதுக்கித் தந்தார். மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். முசே கண்ணைத் திறக்காமலே வந்தார். நான் மெல்லக் கேட்டேன்.

"இறங்க அவ்வளவு பயம்னா ஏன் முசே போனீங்க?"

"போகாம?" என்றார். ஒரு வளைவு கழித்து, "அங்க பட்டாளத்துல இருந்தப்ப ஒரு மலையில உருண்டேன் மதாம். சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அன்னிலேருந்து பாலத்துலகூட முடியல" என்றார். அடுத்த வளைவில், "ஊருக்குள்ள சொல்லிடாதீங்க. அப்புறம் மலை பத்தி யாரும் எங்கிட்ட கேக்க மாட்டாங்க" என்றார்.

சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேனே என்கிறீர்களா? அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா ஏறினதை முன்னாடி போடுங்க" என்றார். போட்டுவிட்டேன்.

கோஷ்டியில் இப்போது எல்லாருக்கும் புதுப் பிரேக் கட்டை. முசேயின் சைக்கிளில் புது மணி, தேன்மொழி வாங்கி மாட்டியது. பாலத்தின் உச்சியில் அவர் வழக்கம்போல நிறுத்தி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இறங்கித் தள்ளுகிறார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் இறங்கினேன். தேன்மொழியும் இறங்கினாள். மூன்று பேரும் வரிசையாகத் தள்ளிக்கொண்டு போனோம்.

பைக்கில் போன ஒரு பையன் வேகத்தைக் குறைத்து, "என்னங்க, இறக்கத்துல போயி தள்றீங்க?" என்று சிரித்தான்.

முசே வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன்.

"ஏறுறதுதான் தம்பி மனுஷன் வேலை. இறங்குறது தண்ணி வேலை."

முசே என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மணியை மட்டும் ஒருமுறை அடித்தார்.