ஆமென் சொன்னதும் அலறிய சைரன்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தப்பு செய்தது நான் இல்லை. என் மெஷினும் இல்லை. இதை ஒத்துக்கொள்ள எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒருவரும் தயாராக இல்லாததால், எழுத்திலாவது கிடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் கேமரா, சைரன், கைரேகைப் பூட்டு மாட்டித்தரும் கடை வைத்திருந்தேன். (கடை என்றால் ஒரு மேஜை, ஒரு ஏணி, நான்.) ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்யும் தங்கராஜ், புதிதாக ஆபீசும் குடோனும் கட்டி, பாதுகாப்பு வேலை முழுவதையும் என்னிடம் கொடுத்தார். அவர் மகள் ஷீபாவும் நானும் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டோம். தங்கராஜுக்கு அரை மனது வந்திருந்தது. மீதி அரை மனது வத்திராயிருப்பில் இருந்தது. அங்கே ஷீபாவின் தாய்மாமன், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், இருந்தார். அவர் சரி என்றால்தான் பேச்சு முடியும். கட்டிடத் திறப்பு ஜெபத்துக்கு அவர் வரும்போது என்னையும் என் வேலையையும் பார்த்துவிட்டுச் சொல்வதாக ஏற்பாடு.

ஆகவே என் மொத்த அறிவையும் அந்தக் கட்டிடத்தில் கொட்டினேன். கதவுப் பூட்டு தனி, திருட்டு அலாரம் தனி என்று இருந்தால், கதவைப் பூட்டிய மேனேஜர் அலாரத்தைப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நான் இரண்டையும் ஒன்றாகக் கோத்தேன். உள்ளே வருகிறவர் விரல் வைக்க வேண்டும், வெளியே போகிறவரும் விரல் வைக்க வேண்டும். கடைசி ஆள் வெளியேறியதும் அலாரம் தானாக விழித்துக்கொள்ளும். அதன்பின் உள்ளே ஏதாவது அசைந்தால் சைரன் அலறும். திருடன் தப்பிவிடக் கூடாது என்பதற்காக எல்லாக் கதவுகளும் இறுகப் பூட்டிக்கொள்ளும். எவர் விரலுக்கும் திறக்காது. மேனேஜர் அறையில் இருக்கும் பெட்டியில் ரகசிய எண்ணை அழுத்தினால்தான் சைரனும் அடங்கும், கதவும் திறக்கும். (மேனேஜர் அறைக் கதவும் அந்த ‘எல்லாக் கதவுகளில்’ ஒன்று என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வேலையின் முழுமை என்று சொல்வேன்.)

முந்தின நாள் தங்கராஜை வாசலில் நிறுத்திப் பாடம் எடுத்தேன்.

“மாமா, ஒரு விரலுக்கு ஒரு ஆள். மறந்துராதீய.”

“ஏலே, என் கட்டிடத்துக்குள்ள வர நான் விரல் வைக்கணுமாக்கும்?”

“வெளிய போறதுக்கும் வைக்கணும் மாமா.”

“பொறவு, மூச்சு விடுறதுக்கு?”

விழா அன்றைக்கு மட்டும் அதை அணைத்து வைத்திருக்கலாமே என்று இப்போது ஆளாளுக்குக் கேட்கிறார்கள். அணைத்துவிட்டால் சுபேதாருக்கு எதைக் காட்டுவது? விருந்தாளிகளுக்கும் வழி செய்திருந்தேன். ஆளுக்கொரு அட்டை எடுத்து மெஷினில் காட்டிவிட்டு வரட்டும் என்று, வாசலில் மிட்டாய்த் தட்டுக்குப் பக்கத்தில் அட்டைகளை அடுக்கி வைத்தேன். மிட்டாய் காலியானது. அட்டைகள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன.

நடந்தது இதுதான். தங்கராஜ் விரல் வைத்தார், கதவு திறந்தது. அவர் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு, “வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று கூப்பிட, போதகர் முதல் சமையல்காரரின் மச்சினன் வரை அத்தனை பேரும் ஒரே மூச்சில் உள்ளே போனார்கள். மெஷினைப் பொறுத்தவரை உள்ளே வந்தவர் ஒருவர். விசேஷ வீட்டுக்குள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக நுழைகிற ஜனத்தை இந்தப் பக்கத்தில் எங்கேயாவது பார்த்ததுண்டா? (நான் விரல் வைத்தேனா என்று கேட்காதீர்கள். என் இரண்டு கையிலும் மைக் செட் இருந்தது.)

போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து தங்கராஜின் மனைவி அவர் காதில், “அண்ணன் வந்துட்டாவ. வாசல்ல நிக்காவ” என்றார். வீட்டுக்காரரே வாசலுக்கு வந்து கூப்பிடாவிட்டால் வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போகிற தாய்மாமன் அவர். தங்கராஜ் பூனை நடை நடந்து போய், நான் சொல்லிக்கொடுத்தபடி ஒழுங்காக விரல் வைத்து வெளியே போனார். அந்தக் கூட்டத்திலேயே என் பேச்சைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான். அவர் கேட்டதால்தான் வந்தது வினை. உள்ளே இருந்த அந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்று மெஷின் அலாரத்தைப் போட்டுக்கொண்டது. ஜெப நேரத்தில் உள்ளே நுழையக் கூடாது என்று சுபேதாரும் தங்கராஜும் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

எங்கள் போதகர் ஜெபித்தால் ஈ கூட அசையாது. கட்டிடத்துக்காக, குடோனுக்காக, ஊர் மழைக்காக என்று ஜெபம் நீண்டது. எல்லோரும் கண்மூடி, தலைகுனிந்து, சிலைபோல நின்றோம். மெஷினுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

“ஆமென்” என்றார் போதகர்.

அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அசைந்தோம்.

சைரன் கிளம்பியது. கதவுகள் ‘டக்’கென்று பூட்டிக்கொண்டன. விழாவில் இதுவும் ஒரு நிகழ்ச்சி என்று நினைத்து யாரோ கை தட்டினார். போதகர் பயபக்தியோடு கூரையைப் பார்த்தார். வெளியே தங்கராஜின் போன் அடித்தது. எடுத்தால், நான் பதிவு செய்து வைத்த என் குரலே, “உங்கள் கட்டிடத்தில் திருடன் இருக்கிறான், பதற வேண்டாம்” என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கத்தியது ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் “திறலே” என்பதை உதட்டசைவிலேயே புரிந்துகொள்ளலாம்.

ஷீபா என் காதருகே வந்து கத்தினாள். “நிப்பாட்டுற பெட்டி எங்க?”

“மேனேஜர் ரூம்ல.”

“அந்த ரூம் கதவு?”

“பூட்டிக்கிடுச்சு.”

அவள் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத விரும்பவில்லை. “அவசரத்துக்குத் திறக்க ஒரு பொத்தான் வச்சிருப்பீங்கல்லா?”

வைத்திருந்தேன்! தீப்பிடித்தால் மட்டும் அமுக்குவதற்கென்று, பச்சை நிறத்தில், வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்திருந்தேன். ஆனால் அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய வேத வசனப் படம்தான் தொங்கியது. ஷீபாவின் அம்மா கையைப் பிசைந்தார். “பச்சையா பாக்க அசிங்கமா இருந்துச்சு. அதான் மேல படத்த மாட்டிட்டேன்.” இதற்கும் நானா பொறுப்பு? போதகரே படத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள, நான் பொத்தானை அமுக்கினேன். கதவுகள் திறந்தன. ஓடிப் போய் எண்ணைப் போட்டுச் சைரனையும் அடக்கினேன்.

தங்கராஜ் சைரனை விடச் சத்தமாக உள்ளே வந்தார். “எல்லா வயரையும் பிடுங்கிட்டு இப்பமே கிளம்பு. இந்தப் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது.” ஷீபா அழுதாள்.  நான் ஏணியை எடுத்தேன்.

“செத்த நேரம் இருங்க மாப்ள” என்றார் சுபேதார், தங்கராஜைப் பார்த்து. கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். “உள்ள எம்புட்டுப் பேரு இருந்தாவ?”

“ஒரு அம்பது பேரு இருக்கும் மச்சான்.”

“அம்புட்டுப் பேருல ஒருத்தனாவது வெளிய வர முடிஞ்சுதா?”

“இல்ல.”

“சர்வீஸ்ல எத்தனையோ காவல் பாத்தவன் நான். இப்புடி ஒரு காவலைப் பாக்கல. பிள்ளைய இவனுக்கே குடுங்க. பத்திரமா வச்சிருப்பான்.”

பிரியாணி பரிமாறும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போலீஸ் ஜீப் வந்தது. தங்கராஜின் தம்பி அங்கே ஏட்டு; அலாரம் அடித்தால் அவருக்கும் போன் போகும்படி வைத்திருந்தேன். விசேஷத்துக்கு லீவு கிடைக்காத மனிதருக்கு, என் குரலைக் கேட்டதும் ஜீப்பே கிடைத்துவிட்டது. திருடன் எங்கே என்று கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள்.

அதே போதகர்தான் எங்கள் திருமணத்தை நடத்தி வைத்தார். மோதிரம் மாற்ற வைத்து, ஜெபித்து, “ஆமென்” என்றார். ஆலயத்தில் ஒருவர்கூட அசையவில்லை. போதகர் உட்பட எல்லோரும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். இன்றும் எங்கள் வீட்டு ஜெபம் முடிந்ததும் அப்படித்தான். தங்கராஜ் மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து, “எல்லாரும் விரல் வச்சாச்சா?” என்று கேட்பார். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நான் வாயைத் திறப்பேன். அதற்குள் என் மகள் சைரன் மாதிரி அலறத் தொடங்கிவிடுவாள்.