டென்சில் ஹக்கின்ஸும் கலப்பு நாயும்

நாய்கள் வாசனை பிடிக்கட்டும் என்று ஒரு காலுறையைக் கழற்றி நாய்க்கொட்டில் கேட்டில் கட்டினார் டென்சில் ஹக்கின்ஸ். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவர் ஓடத் தொடங்க வேண்டிய நேரம் பத்தரை, நாய்களை அவிழ்ப்பது பதினொன்றுக்கு. இப்போது மணி எட்டரை.

“ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஓடுறது தப்பில்லையா?” என்று மனைவி மேவிஸ் வீட்டிலேயே கேட்டிருந்தாள்.

“தப்புதான். அதனாலதான் யாருக்கும் தெரியாமப் போறேன்.”

“எனக்குத் தெரியுமே.”

“நீ யாருகிட்டயும் சொல்லாதே.”

மேவிஸ் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள். நானும் மூன்று பேரிடம் மட்டும்தான் சொன்னேன்.

எங்கள் பர்லி ஊர் வேட்டையில் நரி கிடையாது, மான் கிடையாது. ஓடுகிறது மனிதன். அவன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நாய்கள் ஓடும், நாய்களுக்குப் பின்னால் குதிரைகள், குதிரைகள் மேல் நாற்பது கனவான்களும் சீமாட்டிகளும். பிடித்துவிட்டால் நாய்கள் கடிக்காது. நக்கும். அவ்வளவுதான். பதினோரு வருடமாக ஓடுகிற மனிதர் டென்சில். தீவனக் கடையில் மூட்டை எடை போடுகிறவருக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை அதுதான். மதுக்கடையில் முதல் கோப்பை இலவசம். பாதிரியாரே அவருக்குத் தொப்பியைத் தூக்குவார்.

நாய்கள் சுத்த பிளட்ஹவுண்ட் மோப்ப நாய்களாக இருந்தவரை கவலையே இல்லை. அவை மூக்கைத் தரையில் வைத்தால் எடுக்காது. காது ரெண்டும் வயலைப் பெருக்கும். ஒரு புல்லை முழுசாகப் படித்து முடித்த பிறகுதான் அடுத்த புல்லுக்குப் போகும். டென்சில் வழியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்று, ஒரு குட்டித் தூக்கமும் போட்டிருக்கிறார்.

வேட்டைத் தலைவி அகஸ்டா வென்லாக் அம்மையாருக்குத்தான் பொறுமை தீர்ந்தது. அவற்றை நரி வேட்டைக்கான வேகமான ஃபாக்ஸ்ஹவுண்டோடு கலந்து ஒரு புதுக் கூட்டத்தையே வளர்த்துவிட்டார். அம்மா வழி மூக்கு, அப்பா வழி கால். இன்றைக்கு அவற்றின் முதல் வேட்டை.

“டென்சில், பழைய ஆலைக் கதவைத் தொடுறதுக்குள்ள நீ பிடிபட்டா, அடுத்த வாரத்திலேர்ந்து தபால்கார நெஸ்டாதான் ஓடுவா,” என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். “இருபத்தாறு வயசு. காலைப் பாத்தியா? ரெண்டும் ஏணி.”

ஆலை ஒன்பது மைல். டென்சிலுக்கு வயது ஐம்பத்து மூன்று.

தரை இரும்பு மாதிரி உறைந்து கிடந்தது. சேறு இல்லை, கால் புதையவில்லை. ‘நல்ல நாள்’ என்று சந்தோஷமாக, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனார்.

மூன்றாவது மைலில், மணி சரியாக ஒன்பதரைக்கு, பின்னால் நீளமாக ஒரு குரல் கேட்டது.

“ஔ...ஊஊஊ...”

டென்சில் அப்படியே நின்றார். வேட்டை பதினொன்றுக்கல்லவா?

“அடிப்பாவி அகஸ்டா! நேரத்துக்கு முன்னாடியே நாயை அவுத்துவிட்டுட்டா! ஏமாத்துக்காரி!” என்று, இரண்டு மணி நேரம் முன்பே புறப்பட்ட அந்த நேர்மையாளர் பல்லைக் கடித்தார்.

மறுபடி குரல். ஒரே குரல்தான். மற்ற முப்பது நாய்கள் எங்கே? கொம்பு ஊதும் சத்தம் எங்கே? குளம்புச் சத்தம் எங்கே? டென்சில் யோசித்தார். புரிந்துவிட்டது. கலப்பு நாய்! கூட்டத்தையும் குதிரைகளையும் பின்னால் விட்டுவிட்டு, ஒன்று மட்டும் தனியாகப் பறந்து வருகிறது!

ஓடைக்குள் இறங்கினார். கரையோரப் பனிக்கட்டி கண்ணாடி மாதிரி உடைந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் அவர் சொன்ன வார்த்தையை நான் எழுத மாட்டேன். வாசனை அறுந்துபோகும் என்று அரை மைல் தண்ணீரிலேயே நடந்து, எதிர்க்கரையில் ஏறினார். ஏறியது ஒரு கால்தான். இன்னொரு காலின் ஷூ ஓடைச் சேற்றோடு தங்கிவிட்டது.

பின்னால் நிசப்தம். ஒரு நிமிடம். ஐந்து நிமிடம்.

“ஜெயிச்சாச்சுடா டென்சில்!” என்று தன்னைத்தானே முதுகில் தட்டிக்கொண்டார்.

“ஔ...ஊஊஊ!” இதே கரையில். முன்னைவிடப் பக்கத்தில். பதினோரு வருட வியர்வை ஊறிய ஷூவை நட்டு வைத்துவிட்டு வந்தால் நாய் வேறென்ன செய்யும், பாவம்?

ஒற்றை ஷூவோடு நொண்டிக்கொண்டே பன்றிப் பண்ணை ஆமோஸ் டட்ஜின் வேலியைத் தாண்டினார். ஆமோஸ் வாளியில் தீனி கலக்கிக்கொண்டிருந்தான்.

“ஆமோஸ், உன் சட்டையைக் கழட்டிக் குடு!”

“ஏம்ப்பா, என்னுதைவிட உன்னுது நல்லாத்தானே இருக்கு?”

“நல்லது வேணாம்யா, நாத்தம் வேணும்! கலப்பு நாய் துரத்துது!”

“துரத்தினா?”

“பிடிச்சிடும்.”

“பிடிச்சா?”

“நக்கும்.”

ஆமோஸ் வாளியைக் கீழே வைத்தான். “நாய் நக்கக் கூடாதுன்னு பன்னி நாத்தத்தைப் பூசிக்கப் போறியா? டென்சில், உனக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?”

“என் பொழப்புய்யா! இன்னிக்குப் பிடிபட்டா அந்த நெஸ்டா வந்துடுவா. அப்புறம் நான் வெறும் மூட்டை தூக்கி!”

“சட்டை தர்றதுக்கில்லை, ஒண்ணுதான் இருக்கு. அதோ குழி. வேணும்னா இறங்கிக்கோ. காசு வேண்டாம்.”

டென்சில் இறங்கினார். புரண்டார். எழுந்தபோது அவரை மேவிஸே அடையாளம் கண்டிருக்க மாட்டாள். நாய்க்கு மட்டும் ஒரு சந்தேகமும் வரவில்லை. குரல் ஆமோஸின் வேலிக்கு அந்தப் பக்கமே கேட்டது. அதைவிடப் பெரிய சங்கடம், ஆமோஸின் பரிசு வாங்கிய பெண் பன்றி டச்சஸ், தன் குழி எழுந்து நடந்து போவதைப் பார்த்து, தானும் கூடவே கிளம்பிவிட்டது.

“யோவ்! என் டச்சஸை எங்கய்யா இழுத்துட்டுப் போறே?”

“நான் இழுக்கலைய்யா, அதுவா வருது! கூப்பிடுய்யா அதை!”

“அது என்னிக்கு என் பேச்சைக் கேட்டிருக்கு!”

டென்சில் ஓடினார். டச்சஸ் ஓடியது. அவர் நின்றால் அதுவும் நின்று அவர் முழங்காலை முகர்ந்தது. அவர் விரட்டினால் ஊரே கேட்கும்படி கிறீச்சிட்டது. ஒளிந்து ஒளிந்து போகலாம் என்றிருந்த மனிதருக்கு முன்னே பின்னே தாரை தப்பட்டை வைத்த மாதிரி ஆயிற்று. மூன்று வயல், இரண்டு வேலி, ஒரு பாதிரியார். பாதிரியார் வழக்கம்போலத் தொப்பியைத் தூக்கினார். பன்றியைப் பார்த்ததும் தூக்கிய தொப்பியால் மூக்கை மூடிக்கொண்டார்.

அப்புறம் குன்றின் விளிம்பு வந்தது. கீழே ஆலை! பச்சைக் கதவு! டென்சிலுக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பனி நீராலோ கண்ணீராலோ எதிரில் இருப்பது மங்கியது. நூறு கஜம். ஐம்பது. முப்பது!

“தொட்டுடுவேன்! தொட்டுடுவேன்!”

இருபதாவது கஜத்தில் டச்சஸ் அவர் கால்களுக்கு நடுவே புகுந்தது. டென்சில் தலைகுப்புறப் பள்ளத்தில் விழுந்தார். எழுவதற்குள் முதுகில் இரண்டு பெரிய பாதங்கள் அழுத்தின. அம்மா வழிக் காது முகத்தில் விழுந்தது. அப்பா வழிக் கால் விலாவில் ஏறியது. நாக்கு மட்டும் இருவருடையதும் சேர்ந்தது. சேறெல்லாம் போய் டென்சிலின் மூக்கு வெளியே தெரியும்வரை அது நிறுத்தவில்லை.

நாயின் கழுத்தில் ஒரு நீளக் கயிறு. கயிற்றின் மறுமுனையில், முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, தொப்பி எங்கோ விழுந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு தபால்கார நெஸ்டா.

“டென்சில்... அண்ணே...” என்றாள். மேலே பேச்சு வரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலியில் சாய்ந்தாள்.

டென்சில் மெல்ல எழுந்தார். தோற்றாலும் மரியாதையாகத் தோற்க வேண்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. காதிலிருந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்தினார்.

“பேசாதே நெஸ்டா. எனக்குப் புரியுது. குதிரைங்களையே பின்னாடி விட்டுட்டு, இந்தப் பிசாசு வேகத்துக்குச் சமமா ஒன்பது மைல் ஓடி வந்திருக்கே. இனிமே நான் ஓடுறதுல அர்த்தமே இல்லை. இதோ, இந்தப் பன்னி சாட்சியாச் சொல்றேன். ஓட்டத்தை உனக்கே விட்டுக் குடுத்தாச்சு. மேடம்கிட்ட நானே சொல்லிடுறேன்.”

நெஸ்டா இரண்டு கையையும் பதறி ஆட்டினாள். ஒருவழியாக அவளுக்கு மூச்சு வந்தது.

“ஐயோ, வேண்டாண்ணே! தரை உறைஞ்சு குதிரைக்குக் கால் நிக்காதுன்னு ஒன்பது மணிக்கே வேட்டையை நிறுத்திட்டாங்க. நீங்க அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டதா ஊரே பேசுச்சு. எனக்கு ஓட்டம்னாலே ஆகாதுன்னு சொன்னேன், அந்த வேலை உங்களுக்கேதான்னு மேடமும் ஒத்துக்கிட்டாங்க. அதைச் சொல்லத்தாண்ணே இந்த நாயைக் கேட்டு வாங்கிட்டு, காலையிலேர்ந்து உங்க பின்னாடி ஓடி வர்றேன்!”